அப்பத்தா ரூமுக்கு மரத்தரை

இதைப் படிக்கிற நீங்க ஹாஸ்டல் ரூம்ல இருக்கலாம், வீட்டுல இருக்கலாம், காலேஜ் பஸ்ல கூட இருக்கலாம். குனிஞ்சு பார்க்காம ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. உங்க காலுக்குக் கீழ இருக்கிற தரை எதுல செஞ்சது? நிறம் என்ன? தண்ணி கொட்டினா வழுக்குமா?

பாதிப் பேருக்குப் பதில் தெரியாது. எனக்கும் தெரியாமத்தான் இருந்துச்சு. நான்கு வருஷம் மெக்கானிக்கல் படிச்சு, உராய்வுக் கெழு, ஈரப்பதம், விரிவு, சுருக்கம்னு எல்லாத்தையும் பரீட்சையில எழுதி மார்க் வாங்கியிருக்கேன். ஆனா என் காலுக்குக் கீழ இருக்கிற தரையை நான் முதல்முதலா கவனிச்சது எங்க அப்பத்தா அதுல விழுந்த அன்னிக்குத்தான்.

எங்க அப்பா பனியன் கம்பெனியில கட்டிங் மாஸ்டர். 25 வருஷத்துக்கு மேல அதே வேலை. நான் பொறந்து பத்து வயசு வரைக்கும் திருப்பூர்ல ஒரு லைன் வீட்டுல இருந்தோம். ஆறு வீட்டுக்கு ஒரே தண்ணித் தொட்டி. தரை சிவப்பு சிமெண்ட். அங்கங்க பேந்து போயிருக்கும். மழைக்காலத்துல தரையே வேர்க்கும். ஆனா அந்தத் தரையில யாரும் வழுக்கி விழுந்ததா ஞாபகம் இல்ல.

அப்புறம் கொஞ்சம் வசதி வந்து வேற வாடகை வீட்டுக்கு மாறினோம். வீட்டுக்காரர் அப்பத்தான் புதுசா டைல்ஸ் போட்டிருந்தார். வெள்ளை வெளேர்னு, முகம் பார்த்துத் தலை சீவுற அளவுக்குப் பளபளப்பு. அம்மாவுக்கு ரொம்பப் பெருமை. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு காலைல, அப்பத்தா கை கால் கழுவிட்டு ஈரக் காலோட உள்ள வந்தாங்க. ஒரு சத்தம்தான் கேட்டுச்சு. இடுப்பு எலும்பு உடைஞ்சிருச்சு. ஆபரேஷன், ஒரு மாசம் படுக்கை, அப்புறம் வாக்கர்.

இப்ப நடக்கிறாங்க. ஆனா ஒவ்வொரு அடிக்கும் முன்னாடி கட்டை விரலால தரையை ரெண்டு தடவை தேய்ச்சுப் பார்க்கறாங்க. அதுக்கப்புறம்தான் பாதத்தை வைக்கறாங்க. 78 வயசுல, சொந்த மகன் வீட்டுல, தரையை நம்ப முடியாம நடக்கிறதைப் பார்க்கக் கஷ்டமா இருக்கும். நான் பல தடவை பார்க்காத மாதிரி போனை நோண்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்.

கல்லூருல மரமா?

போன வருஷம் திருமுருகன்பூண்டியில வீடு கட்ட ஆரம்பிச்சோம். மூணு சென்ட் இடம், பேங்க் லோன், அப்பாவோட பி.எஃப்., அம்மாவோட வளையல். வழக்கமான கதைதான்.

பூண்டி தெரியாதவங்களுக்கு: திருப்பூர்ல இருந்து அவிநாசி போற வழியில இருக்கு. பஸ்ல போனாலே ரோட்டோரச் சிற்பக் கூடங்கள் தெரியும். பாதி செதுக்கின பிள்ளையாரு, தலை மட்டும் வந்த நந்தி, கல்தூசி படிஞ்ச தென்னங்கீத்து. உளிச் சத்தம் காலைலயே ஆரம்பிச்சிரும். இங்க செதுக்கின சிலைகள் வெளியூர், வெளிநாட்டுக் கோயில்களுக்கெல்லாம் போகுது. திருமுருகநாதர் கோயில் பாடல் பெற்ற தலம். சேரமான் பெருமாள் கொடுத்த பொன்னும் பொருளுமா வந்த சுந்தரரை, சிவனோட பூதகணங்களே வேடர் வேஷத்துல வந்து வழிப்பறி பண்ணின இடம் இதுதான்னு தலபுராணம். சுந்தரர் பாட்டுப் பாடி எல்லாத்தையும் திரும்ப வாங்கிட்டாராம். வீடு கட்டி முடிச்ச எங்க அப்பா, "நமக்கு அந்த மாதிரி பாடத் தெரியலியே"ன்னு சொல்லிச் சிரிச்சாரு.

இப்படி ஒரு கல்லூருல உட்கார்ந்துக்கிட்டு நான் கேட்டது மரத்தரை.

எங்க வீட்டுல ஆளுக்கு ஒரு கட்சி. அப்பாவுக்கு கிரானைட். "ஒரு தடவ போட்டா நம்ம காலத்துக்கும் போதும்"ங்கறது அவர் வாதம். அம்மாவுக்கு ஆத்தங்குடி டைல்ஸ் மேல ஆசை. காரைக்குடிப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனப்போ பார்த்தது. அது சூளையில சுடாத டைல்ஸ். கண்ணாடிப் பலகை மேல கலர் சிமெண்டை ஊத்தி, பின்னாடி மணலும் சிமெண்டும் வச்சு, தண்ணியில ஊறப்போட்டு எடுக்கறாங்க. மேல்பக்கம் அவ்வளவு வழவழப்பா வர்றது அந்தக் கண்ணாடியால. எனக்கு மட்டும் யூடியூப் பார்த்துப் பார்த்து மரத்தரைப் பைத்தியம்.

அப்பத்தாவுக்காகத்தான் கேட்டேன்னு எழுதினா கேட்க நல்லா இருக்கும். ஆனா உண்மை அது இல்ல. முதல்ல கேட்டது என் ரூமுக்கு. போட்டோ எடுத்துப் போட்டா நல்லா இருக்குமேன்னு. அப்பா செலவைக் கேட்டதும் முடியாதுன்னுட்டாரு. அதுக்கப்புறம்தான் அப்பத்தா பேரை இழுத்தேன். "அவங்க ரூமுக்காவது போடலாம்பா. கல்லு மாதிரி சில்லுன்னு இருக்காது, விழுந்தாலும் கல்லு அளவுக்கு அடி படாது"ன்னு. சொல்லி முடிச்சப்புறம்தான் அது பொய் இல்லன்னு எனக்கே உறைச்சுச்சு.

மரம்னு நினைச்சது போட்டோ

திருப்பூர், கோயம்புத்தூர்னு அஞ்சாறு கடை ஏறி இறங்கினோம். நீங்களும் ஒரு நாள் இந்தக் கடைகளுக்குப் போவீங்க. அதனால கொஞ்சம் விவரமாவே சொல்றேன்.

மரத்தரைன்னு கடையில காட்டுறது மூணு வகை. முதல் வகை லேமினேட். பார்த்தா அச்சு அசல் மரம். ஆனா அது மரத்தூளையும் நாரையும் பிசின் போட்டு அழுத்தின பலகை. அதுக்கு மேல மரத்தோட படம் அச்சடிச்ச காகிதம். காகிதத்துக்கு மேல கீறல் விழாம இருக்க அலுமினியம் ஆக்சைடு கலந்த பூச்சு. சுருக்கமா சொன்னா, நாம நடக்கிறது மரத்தோட போட்டோ மேல. ஏசி 3, ஏசி 4னு பெட்டி மேல போட்டிருப்பாங்க. அதுக்கும் ஏர் கண்டிஷனருக்கும் சம்பந்தம் இல்ல, எவ்வளவு தேய்மானம் தாங்கும்ங்கிற தர எண். நான் கடைக்காரர்கிட்ட "ஏசி ரூமுக்குத்தான் இதா?"ன்னு கேட்டு அசிங்கப்பட்டேன். நீங்க கேட்காதீங்க.

ரெண்டாவது என்ஜினியர்டு வுட். மேல சில மில்லிமீட்டர் கனத்துக்கு நிஜ மரம். அடியில பிளைவுட் மாதிரி குறுக்கும் நெடுக்குமா ஒட்டின அடுக்குகள். மூணாவது முழு மரப் பலகை. தேக்கு, ஓக் இந்த மாதிரி.

தேக்குன்னா ரொம்பக் கடினமான மரம்னு நினைச்சிருந்தேன். இல்லையாம். மரத்தோட கடினத்தை அளக்க ஜங்கா சோதனைன்னு ஒண்ணு இருக்கு. 11.28 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஸ்டீல் குண்டை மரத்துல பாதி முங்கற அளவுக்கு அழுத்த எவ்வளவு விசை வேணும்னு பார்ப்பாங்க. தேக்குக்குச் சுமார் 1,070 பவுண்டு. அமெரிக்க ரெட் ஓக்குக்கு 1,290. தேக்குக்குப் பேரு வந்தது கடினத்தால இல்ல. அதுல இருக்கிற எண்ணெய்ச் சத்தால கரையான் சுலபமா அண்டாது, ஈரத்துக்கும் வெயிலுக்கும் ரொம்ப ஆடாது. அதனாலதான் கப்பல் கட்டக்கூட அதைத் தேடி வெட்டினாங்க. நம்ம பக்கத்துல ஆனைமலையில டாப்ஸ்லிப் இருக்கே, அங்க மலை உச்சியில வெட்டின கட்டைகளைச் சரிவுல சறுக்கி விட்டதாலதான் அந்தப் பேரே வந்துச்சு. வெட்டித் தீர்த்த காட்டுல மறுபடி தேக்கு வளர்த்த வன அதிகாரி ஹ்யூகோ வுட். ஆளோட பேரே வுட்! 1933ல இறந்தவரோட கல்லறை இன்னும் அங்கதான் இருக்கு. ஐ.வி. போனப்போ அது பக்கத்துல நின்னு செல்ஃபி எடுத்தவங்கள்ல நானும் ஒருத்தர். அப்போ இந்தக் கதை எதுவும் தெரியாது.

முழுத் தேக்கு எங்க பட்ஜெட்டுக்கு எட்டாது. லேமினேட் மலிவு, ஆனா ஓரத்துல தண்ணி இறங்கினா ஊதிரும். அப்பத்தா ரூமோட பாத்ரூம் சேர்ந்திருக்கு. கடைசியில என்ஜினியர்டு வுட்டுன்னு முடிவாச்சு. பளபளப்பு இல்லாத மேட் ஃபினிஷ். இதையும் குறிச்சுக்கோங்க: மரம்னா வழுக்காதுன்னு இல்ல. பாலிஷ் ஏறின மரத்துல தண்ணி நின்னா அதுவும் வழுக்கும். பாத்ரூம் கதவை ஒட்டி ரெண்டு அடிக்குச் சொரசொரப்பான டைல்ஸ், கதவடியில கல் வாசப்படி, அதுக்கப்புறம்தான் மரம்னு திட்டம் போட்டோம். ஹாலுக்கும் சமையல்கட்டுக்கும் மேட் டைல்ஸ். அம்மாவோட ஆத்தங்குடி டைல்ஸ் பூஜை ரூமுக்கு மட்டும் வந்துச்சு.

ரூம் 110 சதுர அடி. வேஸ்டேஜ் 10 சதவீதம் சேர்த்து 121. கூலியோட சேர்த்து சதுர அடிக்கு 340 ரூபாய். மொத்தம் 41,140. இன்டர்ன்ஷிப்ல நாலு மாசம் எனக்கு வந்த ஸ்டைபண்ட் 40,000. "நான் தர்றேன்பா"ன்னு சொன்னேன். அப்பா ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், "மிச்சம் ஆயிரத்து நூத்தி நாப்பது நான் போட்டுக்கறேன் சாமி"ன்னாரு.

"இது துணி இல்லப்பா"

தை மாசம் கிரகப்பிரவேசம். திங்கட்கிழமை முகூர்த்தம். மரம் வந்து இறங்கினது வியாழக்கிழமை மத்தியானம். கூடவே தரை போடற அண்ணனும் இன்னொரு பையனும் வந்துட்டாங்க.

"இன்னிக்கே ஆரம்பிச்சா நாளைக்கு முடிச்சுரலாமுங்ணா. எல்லா வீட்டுலயும் இப்பிடித்தான் போடறது."

அப்பா பெட்டி மேல கை வச்சாரு. அப்புறம் குனிஞ்சு சிமெண்ட் தரை மேல உள்ளங்கையை வச்சாரு. ரொம்ப நேரம் எடுக்கல.

"தம்பி, இது ரிலாக்ஸ் ஆகலியே."

எங்க ஊர்க்காரங்களுக்கு இது புரியும். மத்தவங்களுக்குச் சொல்றேன். பனியன் துணி டயிங், காம்பாக்டிங் முடிஞ்சு ரோலா வரும். ரோல்ல இருக்கிறப்போ துணி இழுபட்ட நிலையில இருக்கும். வந்ததும் வராததுமா விரிச்சு வெட்டினா, வெட்டின பீஸ் மேஜை மேலயே சுருங்கும். இல்லன்னா தைச்சு முடிச்சப்புறம் அளவு குறையும். அதனால ரோலைப் பிரிச்சு, மடிப்பு மடிப்பா போட்டு, ஒரு நாளாவது சும்மா விடணும். அதுக்குப் பேருதான் ரிலாக்ஸ் பண்றது. அப்பா கட்டிங் டேபிளுக்கு வந்த புதுசுல, ஷிப்மெண்ட் அவசரம்னு ஒரு லாட்டை ரிலாக்ஸ் பண்ணாம வெட்டிட்டாராம். உயரம் எல்லாம் அரை இஞ்ச் கம்மி. அந்த லாட்டை வாங்க மாட்டேன்னுட்டாங்க. அவர் சம்பளத்துல பிடிச்சாங்க. இந்தக் கதையை நாங்க நூறு தடவை கேட்டிருக்கோம்.

நூத்தியோராவது தடவை கேட்க எனக்குப் பொறுமை இல்ல. திங்கட்கிழமை என் கிளாஸ் மொத்தமும் வருது. அப்பத்தாவைப் புது ரூம்ல உட்கார வச்சு போட்டோ எடுக்கணும். அதுவும் என் காசுல போட்ட தரையில. தரை போடறவங்க முன்னாடியே சொன்னேன்:

"அப்பா, இது துணி இல்லப்பா. வுட். இதுக்குன்னு சயின்ஸ் இருக்கு. உங்களுக்கு இதெல்லாம் தெரியாது."

"செரி சாமி"ன்னு சொல்லிட்டு வெளிய போயிட்டாரு. கேட் பக்கத்துல கொட்டியிருந்த மணல் மேல உட்கார்ந்து, தன்னோட செருப்பையே பார்த்துக்கிட்டு இருந்தாரு. தரை போடற அண்ணன் என்னை ஒரு மாதிரியா பார்த்தாரு. "நாளைக்குக் காலைல வர்றமுங்க. உங்களுக்குள்ள பேசி முடிவு பண்ணி வைங்க"ன்னு கிளம்பிட்டாரு.

அப்பா சொன்னது தப்புன்னு நிரூபிச்சே ஆகணும்னு எனக்கு வெறி. தேடினேன். ஏ.எஸ்.டி.எம். டி 4263ன்னு ஒரு சோதனை கிடைச்சுச்சு. ரொம்பச் சுலபம். 18 இஞ்சுக்கு 18 இஞ்ச் கெட்டியான பிளாஸ்டிக் ஷீட்டை சிமெண்ட் தரை மேல விரிச்சு, நாலு பக்கமும் காத்துப் புகாம டேப் ஒட்டணும். குறைஞ்சது 16 மணி நேரம் விடணும். எடுத்துப் பார்க்கும்போது அடியில ஈரம் இல்லன்னா, தரை அந்தச் சோதனையில பாஸ். ரூம் நடுவுல ஒண்ணு ஒட்டினேன். சாயங்காலம் நாலு மணி.

மறுநாள் காலைல எட்டரைக்குத் தனியா போய் டேப்பைப் பிரிச்சேன்.

ஷீட்டோட அடிப்பக்கம் பூரா முத்து முத்தா தண்ணி. அது இருந்த இடத்துல தரை மட்டும் சதுரமா கறுத்திருந்துச்சு.

இதை எழுதலாமா வேண்டாமான்னு யோசிச்சேன். என் கை முதல்ல செஞ்ச காரியம், அந்தத் தண்ணியை என் டி-சர்ட்டால துடைச்சது. பாதி துடைச்சிட்டேன். ஃபேனைப் போட்டா தரையில இருக்கிற கறுப்பும் அரை மணி நேரத்துல போயிரும். யாருக்கும் தெரியப் போறதில்ல. திங்கட்கிழமை வரைக்கும் தரை நல்லாத்தான் இருக்கும். அதுக்கப்புறம் கீழ இருந்து ஈரம் ஏறி, பலகை ஊதி, ஒரு ஓரம் தூக்கிக்கும். அந்தத் தூக்கின ஓரத்துல யாரோட கட்டை விரல் இடிக்கும்னு யோசிச்சேன். துடைக்கிறதை நிறுத்திட்டேன்.

அப்பாவுக்கு போன் பண்ணினேன். வந்தாரு. குத்த வச்சு உட்கார்ந்து மிச்சமிருந்த தண்ணியை விரலால தொட்டுப் பார்த்தாரு.

"வேர்த்திருக்குது பாரு."

அவ்வளவுதான். நான் சொன்னேன்ல, அப்படிங்கற வார்த்தையே வரல. தரை போடற அண்ணனுக்கு போனைப் போட்டு, "தம்பி, பங்குனில வாங்க. தரை காயட்டும்"னாரு.

பஞ்சும் மரமும்

அதுக்கப்புறம்தான் உட்கார்ந்து நிஜமாவே படிச்சேன். பஞ்சுல 90 சதவீதத்துக்கு மேல செல்லுலோஸ். மரத்துல 40ல இருந்து 50 சதவீதம் அதே செல்லுலோஸ். செல்லுலோஸுக்குத் தண்ணின்னா உயிர். காத்துல ஈரம் இருந்தா இழுத்துக்கும், காய்ஞ்சா விட்டுரும். பஞ்சு வியாபாரத்துல எடை கணக்குப் போட 8.5 சதவீத ஈரம்னு ஒரு கணக்கு வச்சிருக்காங்க. மரத்துக்கும் இதே மாதிரி, சுத்தி இருக்கிற காத்தோட சமநிலைக்கு வர்ற ஈர அளவு ஒண்ணு இருக்கு. அந்த அளவுக்கு வந்து சேர்றதுக்குத்தான் பலகைகளைப் போடறதுக்கு முன்னாடி 48 மணி நேரமாவது அந்த வீட்டுக் காத்துல வைக்கச் சொல்றாங்க. அப்பா சொன்ன ரிலாக்ஸ் இதுதான். நான் பரீட்சையில இங்கிலீஷ்ல எழுதினதை அவர் உள்ளங்கையில வச்சிருந்தாரு.

இன்னும் இருக்கு. துணி நீளத்துல ஒரு மாதிரியும் அகலத்துல ஒரு மாதிரியும் சுருங்கும். மரமும் அப்படித்தான். நீளவாக்குல கிட்டத்தட்ட சுருங்காது. வருஷ வளையத்தைக் குறுக்க வெட்டுற திசையில கொஞ்சம் சுருங்கும். வளையத்தோட கூடவே போற திசையில பொதுவா அதைப் போல ரெண்டு மடங்கு. என்ஜினியர்டு வுட்ல அடுக்குகளைக் குறுக்கும் நெடுக்குமா ஒட்டுறது, ஒரு அடுக்கு அசைய நினைச்சா இன்னொரு அடுக்கு பிடிச்சுக்கறதுக்காகத்தான்.

தரை ஈரத்துக்கும் காரணம் புரிஞ்சுச்சு. எங்க தரைக்கு மட்டம் போட்டது ஐப்பசி, கார்த்திகை மழையெல்லாம் முடிஞ்ச கையோட. ஒரு இஞ்ச் கனம் காய ஒரு மாசம்னு தரை போடறவங்க ஒரு கணக்குச் சொல்வாங்க. எங்களோடது நாலு இஞ்ச். நாங்க விட்டது ஒன்றரை மாசம். போதாததுக்குக் கீழ் வீடு. மண்ணுல இருந்தும் ஈரம் ஏறும். ஊட்டியில பழைய பங்களாக்கள்ல மரத்தரைக்கும் மண்ணுக்கும் நடுவுல காலி இடம் விட்டு, சுவரடியில காத்துப் போக ஓட்டை வச்சிருப்பாங்க. நான் ஏதோ டிசைன்னு நினைச்சிருந்தேன். மரத்துக்கு மூச்சு விட இடம் கொடுத்திருக்காங்க.

"துணியும் மரமும் ஒண்ணுதாம்பா"ன்னு அப்பாகிட்ட போய்ச் சொன்னேன். மன்னிப்புக் கேட்கத் தெரியாம அப்படிச் சொன்னேன்.

"அதத்தானே சாமி நானும் சொன்னேன்"னாரு. சிரிச்சாரு.

கிரகப்பிரவேசத்தன்னிக்கு அப்பத்தா ரூம் மட்டும் வெறும் சிமெண்ட். மேல பவானி ஜமக்காளம் விரிச்சு அவங்களைச் சேர்ல உட்கார வச்சிருந்தோம். வந்த அத்தைங்க எல்லாம், "ஏனுங், இந்த ரூமு மட்டும் முடியலீங்களா?"ன்னு கேட்டாங்க. அப்பா எல்லாருக்கும் ஒரே பதில்தான் சொன்னாரு: "இன்னும் காயலீங்க." மரப் பெட்டிகள் வாடகை வீட்டுலயே, பிரிக்காம, கட்டில் மேல படுத்திருந்துச்சு. நாங்களும் அப்பத்தாவுக்காகப் பங்குனி வரைக்கும் அங்கயேதான் இருந்தோம். "மரம் கட்டல்ல படுத்துக்கிச்சு, என்ற பேரப்புள்ள கீழ படுத்துக்கிச்சு"ன்னு ஊர் பூரா சொல்லிட்டாங்க. கீழ படுத்த பேரப்புள்ள நான்தான்.

போட்ட நாள்

பங்குனியில மறுபடி ஷீட் ஒட்டிப் பார்த்தோம். இந்தத் தடவை அப்பாவும் பக்கத்துல உட்கார்ந்திருந்தாரு. அடியில ஒரு சொட்டு கூட இல்ல. பெட்டிகளைக் கொண்டு வந்து அந்த ரூம்லயே மூணு நாள் படுக்க வச்சோம். அதுக்கப்புறம்தான் தரை போடறவங்க வந்தாங்க.

முதல்ல ரெண்டு மீட்டர் மட்டக்கட்டையை வச்சுத் தரையைப் பார்த்தாங்க. 3 மில்லிமீட்டருக்கு மேல பள்ளம் இருந்த ஒரு இடத்துல மட்டும் காரை பூசி சரி பண்ணினாங்க. அது காய ரெண்டு நாள் மறுபடி காத்திருந்தோம். அப்புறம் தரை பூரா பாலித்தீன் ஷீட், ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்கிற மாதிரி போட்டு டேப். அடியில தரை காய்ஞ்சிருந்தாலும் மண் ஈரம் என்னிக்கும் இருக்கும், அதுக்கு இது தடுப்பு. கரையானுக்கு அஸ்திவாரம் போடும்போதே மண்ணுக்கு மருந்து அடிச்சிருந்தோம். ஷீட் மேல மெல்லிசா ஃபோம். அதுக்கு மேல பலகை. பசை இல்ல, ஆணி இல்ல. ஒரு பலகையோட நாக்கு அடுத்த பலகையோட பள்ளத்துல 'டக்'னு போய் உட்காருது. மொத்தத் தரையும் ஒரே பாய் மாதிரி, கீழ எதுலயும் ஒட்டாம மிதக்குது.

சுவரை ஒட்டி நாலு பக்கமும் 10 மில்லிமீட்டர் இடைவெளி விட்டாங்க. மழைக்காலத்துல மரம் விரிஞ்சா போறதுக்கு இடம் வேணுமே. இடம் இல்லன்னா நடுவுல கூடாரம் மாதிரி எழும்பிரும். இடைவெளி தெரியாம ஸ்கர்ட்டிங் மறைச்சிரும். நான் அப்பாவுக்கு விளக்க வாயெடுத்தேன்.

"தையலுக்கு விடறாப்புல. மேல மடிச்சு அடிச்சிட்டா தெரியாது"ன்னு அவரே சொன்னாரு.

ஒரு வரிசையில வெட்டி மிஞ்சின துண்டு வீணாகாம, அடுத்த வரிசைக்கு முதல் துண்டா வச்சாங்க. மூட்டுகள் ஒரே கோட்டுல வராம ஒரு அடியாவது தள்ளி இருக்கணும். எந்தத் துண்டு எங்க வரும்னு அப்பா முன்னாடியே பென்சில்ல வரிசைப்படுத்தி வச்சாரு. மார்க்கர் போட்டு போட்டுப் பழகின கை. வேஸ்டேஜ்னு வாங்கினதுல முக்கால்வாசி மிச்சம். தரை போடற அண்ணன், "நீங்க எங்ககூட வேலைக்கு வந்துருங்ணா"ன்னாரு. அப்பாவோட மூஞ்சியைப் பார்க்கணுமே.

சாயங்காலம் அப்பத்தாவைக் கூட்டிட்டு வந்தோம். வாக்கரை வாசப்படிக்கு வெளிய நிறுத்திட்டு, சுவரைப் பிடிச்சு நின்னாங்க. கட்டை விரலால ரெண்டு தடவை தேய்ச்சாங்க. பாதத்தை வச்சாங்க. இன்னொரு அடி. மறுபடி ரெண்டு தடவை தேய்ச்சாங்க. நாலாவது அடியில நின்னுட்டாங்க. எனக்கு நெஞ்சு நின்னுபோச்சு.

"அடியில ஆரோ இருக்கறாப்புல சத்தம் வருதே?"

மிதக்கிற தரைக்கு அந்தச் சத்தம் உண்டு. லேசா 'டொக் டொக்'. அடியில யாரும் இல்லன்னு அப்பா சொன்னாரு. "செரி, இருந்தா இருந்துட்டுப் போறாங்க"ன்னுட்டு கட்டில் வரைக்கும் நடந்தாங்க.

இப்ப மூணு வாரம் ஆச்சு. தேய்ச்சுப் பார்க்கிறது நிக்கல. அது தரையால வந்த பயம் மட்டும் இல்ல, அவ்வளவு சீக்கிரம் போகாதுன்னு டாக்டரும் சொன்னாரு. ஆனா அவங்க ரூம்ல மட்டும் ரெண்டு தடவைக்குப் பதிலா ஒரு தடவை தேய்க்கறாங்க. நான் எண்ணிட்டுத்தான் இருக்கேன்.

உங்க வீட்டுல யாராவது வீடு கட்டினா, தரையோட நிறத்தைப் பார்க்கிறதுக்கு முன்னாடி அதுல யாரு நடப்பாங்கன்னு பாருங்க. ஈரக் காலோட ஒரு தடவை நடந்து பாருங்க, கடையிலயே. மரம்தான்னு முடிவு பண்ணினா ஒரு பிளாஸ்டிக் ஷீட்டும் ஒரு டேப்பும் வாங்குங்க, நூறு ரூபாய் கூட ஆகாது. அடியில தண்ணி நின்னா, துடைக்காதீங்க.

மிச்சமான பலகை ரெண்டு இருந்துச்சு. அப்பா அதை கம்பெனிக்கு எடுத்துட்டுப் போயிட்டாரு. கட்டிங் டேபிள் பக்கத்துல நின்னு வேலை செய்யறப்போ காலுக்கு அடியில போட்டுக்கறாராம். 25 வருஷமா சிமெண்ட் தரையில நின்ன கால். அதை நான் கேட்கவே இல்ல.